எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

கேதேஸ்,
ஒலிவம் பறிக்கும் மாதக் கடைசி

என் திர்சாளுக்கு அஸ்ரியேல் எழுதுவது. உனக்கும் வீட்டுக்கும் சமாதானம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு நீ செக்கடியில் இருந்தாய். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர முடியவில்லை. காட்டிலிருந்து நேராக ஓடிவந்துவிட்டேன். பாதை கிளை பிரியும் இடங்களில் எல்லாம் கல்லில் ‘அடைக்கலம்’ என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். நீ சொல்லிக்கொடுத்த எழுத்து. ஓடிக்கொண்டே வாசித்தேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது தூரத்தில் ஒரு புழுதி. உன் தம்பி சில்லேம் என்று அதன் வேகத்திலேயே தெரிந்தது. நம் கல்யாணமான புதிதில் அவனோடு எத்தனை பந்தயம் ஓடியிருக்கிறேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அன்றைக்கு ஜெயித்தேன்.

ஊர்வாசலில் ஆலய ஊழியம் செய்கிற லேவியர் ஒருவர், அமாசாய் என்று பெயர், உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கட்டும் என்று தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“என்னப்பா நடந்துச்சு?”

“மரம் வெட்டிக்கிட்டு இருந்தோம். கோடரித் தலை காம்புல இருந்து கழண்டு பறந்துடுச்சு. என் பொண்டாட்டியோட அண்ணன் மேல.”

“செத்துட்டாரா?”

“ஆமா.”

“முன்பகை ஏதாச்சும் உண்டா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கையைக் காட்டித் தடுத்தார். “வேண்டாம். அத உங்க ஊர்ச்சபை விசாரிக்கட்டும். அதுவரைக்கும் நீ எங்க விருந்தாளி. ஆனா அந்த எல்லைக்கல்லத் தாண்டிடாத. தாண்டினா, செத்தவரோட ரத்தத்துக்குப் பழி கேக்குறவன் உன்னை வெட்டினாலும் ஏன்னு கேக்க ஆள் கிடையாது.”

இந்த ஊரில் காலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. விழித்ததும் நம் வீட்டில் இருப்பதாகவே நினைக்கிறேன். பிறகு பனி விலகி, வேறு சுவர் தெரிகிறது.

இந்தப் பானை ஓட்டில் உன் அண்ணன் பெயரை எழுத நினைத்து மையைத் தொட்டுத் தொட்டு வைத்துவிட்டேன். என் கையை மீறி நடந்தது, திர்சாள்.

ஆடுகளை யார் மேய்க்கிறார்கள்? கறுப்பு ஆடு சினையாக இருந்தது.

உன் நலம் தெரிந்தால் போதும்.
அஸ்ரியேல்


பேத்-ஏலோன்,
முன்மாரி பெய்து ஓய்ந்த பிறகு

அஸ்ரியேலுக்குத் திர்சாள் எழுதுவது. சமாதானம். முழங்காலுக்கு அத்திப்பழத்தை அரைத்துச் சூடாகக் கட்டவும்.

உங்கள் கடிதத்தை உப்பு வியாபாரி ரேகாபு கொடுத்துப் பல நாள் ஆகிறது. சன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். சாரல் பட்டு ஓரம் நனைந்ததால் எடுத்து உள்ளே வைத்தேன்.

அண்ணனை அப்பாவுக்குப் பக்கத்தில், கர்வாலி மரத்தடியில் அடக்கம் செய்தோம். மில்காள் அண்ணி ஒரு வாய் சாப்பிடுவதில்லை. கைக்குழந்தைக்குக் கொடுக்கப் பாலும் வற்றிவிட்டது. கறுப்பு ஆடு குட்டி போட்டுவிட்டது. அதன் பாலை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆடுகளை நான்தான் மேய்க்கிறேன். கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

சில்லேம் வந்தால் நம் வாசலோடு நின்றுவிடுகிறான், உள்ளே வருவதில்லை. வெயிலில் வந்தானே என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

“வேண்டாம்க்கா. செய்ய வேண்டியதச் செஞ்சுட்டு வந்து உன் கையால குடிக்கிறேன்” என்றான். ஈட்டியைக் கீழே வைக்காமலே பேசினான்.

கையை மீறி நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்தேன்.

ஓட்டில் இடம் இல்லை.
திர்சாள்


கேதேஸ்,
விதைப்பு மாதம்

திர்சாளுக்கு அஸ்ரியேலின் சமாதானம். நலமா? மில்காள் சாப்பிடுகிறாளா? முழங்காலுக்கு நீ சொன்னபடி கட்டினேன். வீக்கம் வடிந்தது.

ஓட்டில் இடம் இல்லை என்று முடித்திருந்தாய். பாதி ஓடு வெறுமையாக இருந்தது. எழுதியிருந்ததைவிட அந்த வெறும் பாதியைத்தான் அதிகம் வாசித்தேன்.

என்னைப் போல இங்கே வேறு சிலரும் இருக்கிறார்கள். யாமீன் என்று ஒருவன் இருக்கிறான். அவன் மாடி கட்டும்போது கல் நழுவி, கீழே நடந்துபோனவர் தலையில் விழுந்துவிட்டது. வந்து பல வருஷம் ஆகிறது. அவன்தான் எனக்கு எல்லாம் விளக்கினான். சபை என்னைக் கொலைகாரன் இல்லை என்று சொன்னாலும் நான் உடனே வீடு திரும்ப முடியாது. சீலோ ஆலயத்தில் இருக்கிற பிரதான ஆசாரியர் சாகும்வரை இந்த எல்லைக்குள்தான் இருக்க வேண்டும். அவர் கண்மூடிய அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் விடுதலை. பழி கேட்கிறவனும் அதோடு ஆயுதத்தைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அதனால் இங்கே எல்லாருக்கும் ஒரே பேச்சுதான்.

“பெரிய ஆசாரியருக்கு இருமலாம், கேட்டியா?” என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

“போன வருஷமும் இதே இருமல்தான்யா” என்பான் யாமீன். “அந்த இருமல் நம்ம எல்லாரையும் பொதைச்சுட்டு, அப்புறமும் இருமிக்கிட்டு இருக்கும்.”

குளிர் தொடங்கியதும் சீலோவிலிருந்து ஒரு மூட்டை போர்வை வந்தது. ஆசாரியரின் தாயார் தன் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து நெய்து, வருஷந்தோறும் அனுப்புகிறாராம். எதற்கு என்று கேட்டேன். “அவங்க மகன் சாகணும்னு நாம வேண்டிக்கக் கூடாதுல்ல, அதுக்கு” என்று யாமீன் சிரித்தான். எனக்குச் சாம்பல் நிறப் போர்வை கிடைத்தது. முகத்தில் வைத்தால் ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டது போல இருக்கிறது. இதற்குள் படுத்துக்கொண்டு ஒரு தாயின் பிள்ளை எப்போது சாவான் என்று கணக்குப் போடுவது எப்படி, சொல்.

சணல் பிடுங்கும் மாதத்தில் நம் ஊர்வாசலில் சபை கூடுமாம். காவலோடு என்னை அழைத்துவருவார்கள். அன்றைக்கு நீ வாசலுக்கு வருவாயா? வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அஸ்ரியேல்


பேத்-ஏலோன்,
பின்விதைப்பு நடக்கிறது

அஸ்ரியேலுக்குத் திர்சாள் எழுதுவது. சமாதானம். நான் நலம். மில்காள் இப்போது கஞ்சி குடிக்கிறாள். குழந்தை ஆட்டுப்பாலில் தேறிவிட்டாள்.

நேற்று பெனூயேல் பெரியவர் வீட்டுக்கு வந்தார். சபையில் மூத்தவராக அவர்தான் உட்காரப்போகிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அம்மா திர்சாள், ரெண்டு பேருக்கும் நடுவுல வெறுப்பு இருந்துச்சா? அது ஒண்ணுலதான் எல்லாம் நிக்குது. வெறுப்பு இருந்திருந்தா அது கொலை. அவன சில்லேம் கையில குடுத்துருவோம். இல்லேன்னா அது கைதவறுனது. இப்ப எனக்குப் பதில் சொல்லாத. சபையில வந்து சொல்லு” என்றார்.

ஆட்டு மயிர் கத்தரிக்கும் நாளில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாய்க்கால் தண்ணீரை அண்ணன் தன் வயலுக்குத் திருப்பிவிட்டான் என்று நீங்கள் கத்தினீர்கள். “இன்னொரு தடவை மடையத் தொட்டுப் பாரு, அந்தக் கை உனக்கு இருக்காது” என்றீர்கள். நானும் மில்காளும்தான் பக்கத்தில் இருந்தோம். வேறு யார் காதிலும் அது விழவில்லை.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. உங்கள் சித்தி வந்து, “புருஷன் கழுத்துல நீயே கயித்தப் போடுவியா? வாயப் பொத்திக்கிட்டு இரு. உன்னை யாரு கேக்கப்போறா” என்றாள். எங்கள் அத்தை வந்து, “கூடப்பொறந்தவன் ரத்தம்டி அது. கேட்டதச் சொல்லு, கேக்காததையும் ரெண்டு சேத்துச் சொல்லு” என்றாள். இருவருக்கும் மோர் கொடுத்து அனுப்பினேன்.

சில்லேம் பெனூயேல் வீட்டு வாசலில் ஒரு ஆட்டுக்கடாவைக் கட்டிவிட்டு வந்தானாம். உங்கள் சித்தி ஒரு ஜாடி எண்ணெய் அனுப்பினாளாம். ஜாடியைக் கடாவின் முதுகில் வைத்துக் கட்டி, இரண்டையும் தெரு வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஊரே பார்த்தது.

வாசலுக்கு வருவேன்.
திர்சாள்


கேதேஸ்,
பின்மாரி

திர்சாளுக்குச் சமாதானம். நலமாக இரு.

அவசரமாக எழுதுகிறேன். ரேகாபு கழுதையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

சொல்லிவிடு. மயிர் கத்தரிக்கும் நாளில் நீ கேட்டதைக் கேட்டபடியே சொல். ஒரு சொல்லையும் எனக்காக விழுங்காதே. நீ விழுங்கினால் நான் தப்பலாம். தப்பித்து வந்து உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது. நீயும் எனக்குப் பரிமாற முடியாது.

உன்
அஸ்ரியேல்


பேத்-ஏலோன்,
சணல் பிடுங்கும் மாதம்

அஸ்ரியேலுக்குத் திர்சாள் எழுதுவது. உங்களுக்குச் சமாதானம். வழியில் மழை பிடித்திருக்குமே, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

உங்கள் கடைசிக் கடிதம் சபை கலைந்த மறுநாள்தான் கைக்கு வந்தது. ஓடையில் வெள்ளமாம், ரேகாபு அக்கரையிலேயே தங்கிவிட்டானாம். ஆகவே நீங்கள் சொல்லி நான் பேசவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களைக் காவலர்களுக்கு நடுவில் வெகுதூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். காற்று வேறு எதிர்ப்பக்கம் அடித்தது. பேசியது முழுவதும் உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். பழைய தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது, ஓட்டுக்குப் பஞ்சமில்லை.

என்னை அழைத்தபோது, “பொம்பள சாட்சி எதுக்கு?” என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

“கேட்டது காதுதானே. காதுல ஆம்பளக் காது, பொம்பளக் காதுன்னு உண்டா?” என்றார் பெனூயேல். “சொல்லும்மா.”

சொன்னேன். மடை, கை, கத்தியது, எல்லாம். கூட்டம் அலைபோல எழுந்தது. சில்லேம் முன்னால் வந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஜுரம் கண்டவன் போல இருந்தான்.

“கேட்டுட்டீங்கல்ல? அவன் பொண்டாட்டியே சொல்லிட்டா. இன்னும் என்ன?” என்றான்.

“அவ இன்னும் வாய மூடலியே” என்றார் பெனூயேல். “மீதி இருந்தா சொல்லும்மா.”

மறுநாள் அண்ணன் பாலாடைக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்ததைச் சொன்னேன். நீங்கள் இருவரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டதையும், மண்வெட்டியோடு போய் வாய்க்காலை இரண்டாகப் பிரித்து வெட்டியதையும் சொன்னேன். அன்றிலிருந்து விறகுக்கும் வேட்டைக்கும் ஒன்றாகத்தான் போனீர்கள் என்று சொன்னேன்.

“ஒருத்தி சொன்னாப் போதாது. ரெண்டு வாய் வேணும். அங்க வேற யாரு இருந்தா?” என்று கேட்டார் பெனூயேல்.

எல்லாருக்கும் தெரியும், அன்றைக்கு அண்ணனோடு வந்திருந்தது மில்காள். குழந்தையோடு சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சில்லேம் அவளிடம் போய்க் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னான். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. “அண்ணி, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருங்க. சும்மா இருந்தாப் போதும்.”

உண்மைதான். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வாசல் மேல் உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்தேன். ஒன்று பறந்து, வட்டமடித்து, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. 

மில்காள் எழுந்தாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“சாப்பிட்டாங்க” என்றாள். “ஒரே கிண்ணம். நான்தான் பரிமாறினேன். சிரிச்சுக்கிட்டே மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போனாங்க. என் புருஷன் செத்துட்டாருங்கறதுக்காக நடந்தத நான் மாத்த முடியுமா? அவரே கேட்டாக்கூட மாத்த மாட்டேன்.”

பிறகு தீர்ப்பு. அது உங்களுக்கே கேட்டிருக்கும். “இவன் கொலைகாரன் இல்ல. ஆனா ரத்தம் சிந்தியிருக்கு, அது சின்ன விஷயம் இல்ல. அடைக்கல ஊருக்கே திரும்பிப் போகட்டும்.” சில்லேம் அங்கேயே மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சணலை ஊறப்போட்டேன்.

நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. இடது காலை இன்னும் சரியாக ஊன்றவில்லை நீங்கள். கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டீர்களா?

உங்கள்
திர்சாள்


கேதேஸ்,
வாற்கோதுமை அறுப்பு

என் திர்சாளுக்கு அஸ்ரியேலின் சமாதானம். மில்காளுக்கு என் பெயரைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. முடிந்தால் சொல். குழந்தை எப்படி இருக்கிறாள்?

உன்னைப் பார்த்தேன். உன் செருப்பு வாரை மட்டும் பார்த்தேன். சிவப்பு வார். முகத்தைப் பார்த்திருந்தால் காவலரை மீறி உன்னிடம் வந்திருப்பேன். அவர்கள் நல்லவர்கள், அவர்களுக்குத் தொந்தரவு கொடுத்திருக்கக் கூடாது.

நீ எழுதிய ஓடுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, நாள் முழுக்க வாசித்தேன். அமாசாய் எட்டிப்பார்த்து, “என்னப்பா, பானை ஒட்டுறியா?” என்று கேட்டார். மில்காள் சொன்னதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “சீனாய் மலையில கடவுள் ‘பொய்ச் சாட்சி சொல்லாதே’ன்னப்ப எல்லாரும் நின்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத்தான் கேட்டிருக்கு போல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் அவருடைய தோட்டத்தில் வேலை செய்கிறேன். பகலில் மரத்தடியில் கண் அசந்தால் காடு வருகிறது. இலையெல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பி வெள்ளையாக மின்னுகிறது. உன் அண்ணன் எனக்கு முன்னால் போய்க்கொண்டே ஏதோ சொல்கிறான். நான் கேட்பதற்காக வேகமாக நடக்கிறேன். விழிப்பு வந்துவிடுகிறது.

கட்டிய பெண்டாட்டியை இங்கே அழைத்து வைத்துக்கொள்ளலாமாம். யாமீனின் மனைவி இங்கேதான் இருக்கிறாள். நீ வருவாயா?

அஸ்ரியேல்


பேத்-ஏலோன்,
அடுத்த விதைப்பு மாதம்

அன்புள்ள அஸ்ரியேலுக்குத் திர்சாள் எழுதுவது. சமாதானம். நான் நலம். கைதான் காய்த்துப்போய்விட்டது. அங்கே குளிருக்குப் போர்வை போதுமா?

நீங்கள் கேட்டு, ஒரு அறுப்பும் ஒரு திராட்சைக் காலமும் போய்விட்டன. பதில் எழுத ஒவ்வொரு முறையும் ஓட்டை எடுத்தேன். யாராவது கூப்பிடுவார்கள், போய்விடுவேன். உண்மையில் யாரும் கூப்பிடவில்லை.

இப்போது வர முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மில்காள் வயலில் உழ ஆளில்லை. நானும் அவளும் சேர்ந்துதான் அறுத்தோம். குழந்தையைக் கட்டுகளுக்கு நடுவில் படுக்கவைத்துவிட்டு, ஓரக் கதிர்களை ஏழைகளுக்கு விட்டுவிட்டு அறுத்தோம். பெனூயேலும் இரண்டு நாள் வந்தார். “வெதவை வயல் தரிசா கெடந்தா, நான் வாசல்ல உக்காந்து தீர்ப்புச் சொல்றதுல என்ன இருக்கு” என்றார். அரிவாள் பிடிக்கத் தெரியவில்லை அவருக்கு. மில்காள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணன் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

இன்னொரு காரணம் சில்லேம். கேதேஸ் பாதையைப் பார்த்தபடி மேட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். வெயில், மழை எதுவும் கிடையாது. அவன் வயலில் நெருஞ்சி முளைத்துவிட்டது. அப்பா விதைத்த வயல். பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. உங்கள் மாடுகளைப் பூட்டி நான் உழுதேன். உங்களைக் கேட்கவில்லை.

உழுதுகொண்டிருந்தபோது மேட்டிலிருந்து இறங்கி வந்தான். வரப்பில் நின்றான்.

“அது யார் மாடு?”

“என் புருஷன் மாடு.”

“அவன் மாடு என் நெலத்துல காலு வெக்கிறதா?”

“மாட்டுக்கு என்னடா தெரியும்? நீ வந்து கலப்பையப் புடி, நான் மாட்ட ஓட்டிட்டுப் போறேன்.”

நின்றுகொண்டே இருந்தான். பிறகு திரும்ப மேட்டுக்கே போய்விட்டான். நான் மீதியை உழுது முடித்தேன்.

என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.
உங்கள் திர்சாள்


கேதேஸ்,
அத்திப்பழ மாதம்

என் திர்சாளுக்குச் சமாதானம். உன் கை எப்படி இருக்கிறது? ஒலிவ எண்ணெய் தடவு.

மாடுகள் சரியான வேலை செய்திருக்கின்றன. நான் இருந்திருந்தால் எனக்கு இந்த யோசனை வந்திருக்காது.

சீலோவில் பெரியவர் நிஜமாகவே படுத்துவிட்டார். இந்த முறை இருமல் இல்லை, பேச்சு நின்றுவிட்டதாம். இங்கே எல்லாரும் சத்தமில்லாமல் மூட்டை கட்டுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. யாமீன்கூடக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டான். நான் போர்வையை மடித்து வைத்துவிட்டு ஜெபிக்க நின்றேன். அவர் பிழைக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. சாக வேண்டும் என்று கேட்கவும் வரவில்லை. கையை விரித்தபடி சும்மா நின்றேன். பனி வந்து கையில் ஈரமாகப் படிந்தது. அதுதான் என் ஜெபம்.

இன்னொன்று. சில்லேம் இங்கே வந்திருந்தான். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், ஓடையைத் தாண்டி ஒரு மரத்தடியில். நான் கல்லுக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். பகல் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு மெலிந்துவிட்டான். அமாசாயின் வேலையாளிடம் அப்பமும் தண்ணீரும் கொடுத்து அனுப்பினேன். அப்பத்தைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தான். வெயில் சாய்ந்ததும் எழுந்து போய்விட்டான்.

உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க நினைத்தேன். முடியவில்லை.
அஸ்ரியேல்


பேத்-ஏலோன்,
திராட்சை மிதிக்கும் மாதம்

அன்புள்ள அஸ்ரியேலுக்குத் திர்சாள் எழுதுவது. சமாதானம். நாங்கள் எல்லாரும் நலம்.

நேற்றுக் காலை மலைக்கு மலை எக்காளம் ஊதினார்கள். பெரிய ஆசாரியர் போய்விட்டார். பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சில்லேம் மேட்டிலிருந்து இறங்கி வந்தான். ஓடையில் முழுகினான். ஈரத் துணியோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். பிறகு உள்ளே வந்துவிட்டான். பயற்றங்கூழ் வைத்தேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

“அக்கா, நான் போய் அவர கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டான்.

“ஏன், அவருக்கு வழி தெரியாதா?”

“தெரியும். ஆனா தனியா வந்தா, ஒவ்வொரு புதருக்குப் பின்னாலயும் நான் நிக்கிறேனோன்னு பாத்துக்கிட்டே வருவாரு. நான் பக்கத்துல இருந்தா பாக்க வேண்டியதில்லல்ல.”

மில்காளிடம் போய்க் கேட்கச் சொன்னேன். போனான். அவள் என்ன சொன்னாளோ தெரியாது. வழிக்கு அப்பமும் அத்திப்பழ அடையும் அவள்தான் கட்டிக்கொடுத்திருக்கிறாள்.

விடிந்ததும் கிளம்புகிறான். ரேகாபுவின் கழுதை வேகமானது, இந்தக் கடிதம் அவனுக்கு முன்னால் வந்துவிடும். சில்லேமின் தோளில் ஒரு பை இருக்கிறது. நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு தடவை கை போனது. பார்க்கவில்லை.

உங்களுக்குப் பயமாக இருந்தால் அவனோடு வர வேண்டாம். தப்பாக நினைக்க மாட்டேன். நானே அங்கே வந்துவிடுகிறேன். இந்த முறை ஓட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார மாட்டேன்.

உங்கள்
திர்சாள்


கேதேசிலிருந்து வரும் வழியில்,
அதே மாதம்

என் திர்சாளுக்கு அஸ்ரியேல். சமாதானம். நான் நலம். சில்லேமும் நலம்.

ஊற்றங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரேகாபு எங்களைத் தாண்டிப் போகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். நான் கல்லைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினேன், வைக்க முடியவில்லை. கால் அந்தரத்திலேயே நின்றது. அவன் பார்த்தான். திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன். வழி நெடுக அப்படித்தான்.

இந்த ஊற்றுக்கு வந்து, தோள்பையைத் திறந்து மில்காள் கொடுத்த அப்பத்தைப் பிரித்தபோதுதான் வாயைத் திறந்தான்.

“மச்சான், அண்ணன் கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?”

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சபையும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. சொன்னேன். உன் அண்ணன் வேதனையோடு எதுவும் சொல்லவில்லை. உங்கள் அப்பா கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். “அப்பா சண்டிக் கழுதைய சந்தையில வித்துட்டாரு. திரும்பி நடக்கணும், வெயில், கால் வேற வலி. அப்பப் பாத்தா சந்தையோட அந்தக் கோடியில ஒருத்தன்...” என்று சொல்லும்போதுதான் நான் கோடரியை ஓங்கினேன். அதோடு நின்றுவிட்டது. மீதிக் கதை எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பேன்?

சில்லேம் கையிலிருந்த அப்பத்தைத் துணியில் வைத்தான். பிறகு சொன்னான்.

“அந்தக் கோடியில ஒருத்தன் நல்லா சீவி, எண்ணெய் தடவி ஒரு கழுதைய வெச்சிருந்தானாம். அப்பா அத வாங்கி ஏறி உக்காந்து வந்துட்டாரு. வீட்டுக்கு வந்தா, அது யாரையும் கேக்காம நேரா நம்ம தொழுவத்துக்குள்ள போய், பழைய எடத்துலயே படுத்துக்கிச்சு.”

சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. நிறுத்தவே முடியவில்லை. நடுவில் எப்போது அழ ஆரம்பித்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எத்செர். உன் அண்ணன் பெயரை எழுதிவிட்டேன், பார்.

இப்போது சில்லேம் பாதையில் போய் நின்றுகொண்டிருக்கிறான். என்னைக் கூப்பிடவில்லை, காத்திருக்கிறான்.

மில்காளிடம் சொல். முதலில் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பேன். அவள் உள்ளே கூப்பிட்டால் கூப்பிடட்டும், கூப்பிடாவிட்டாலும் சரி. அதன் பிறகுதான் நம் வீட்டுக்கு வருவேன்.

உன்
அஸ்ரியேல்